வெள்ளைப்படுதல்: அச்சமும் உண்மையும்

வெள்ளைப்படுதலால் எலும்பு உருகி வெளியேறுகிறது என்னும் அச்சம் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. உள்ளாடையில் ஈரத்தைக் கண்ட சிறுமி தாயிடமும் சொல்லாமல் மறைக்கிறாள். சொன்னாலோ தாயும் அஞ்சுகிறாள். எலும்புக்கும் அந்த நீர்மத்திற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அது தோன்றும் இடத்தை அறிந்தால் இது விளங்கும்.

அடிவயிற்றில், முன்னே சிறுநீர்ப்பைக்கும் பின்னே மலக்குடலுக்கும் இடையே கருப்பை அமைந்துள்ளது. கவிழ்த்து வைத்த பேரிக்காய் போன்ற அதன் நீளம் ஏறத்தாழ 7.5 செ.மீ. இருபுறமும் அண்டகங்கள் உள்ளன. அவற்றிலிருந்து வெளிப்படும் சினைமுட்டையை அண்டநாளங்கள் கருப்பைக்குக் கொணர்கின்றன. கருப்பையின் குறுகிய கீழ்ப்பகுதி கருப்பை வாய் எனப்படும். அங்கிருந்து உடலின் வெளிப்புறம் வரை நீளும் தசைக்குழாயே யோனிக்குழாய். சிறுநீர் வெளியேறும் துளை இதனின்றும் வேறானது. படித்தவரிடையேயும் இவ்வேறுபாடு தெளிவாக இருப்பதில்லை.

கருப்பை வாய்ச் சுரப்பிகளின் சளியும், யோனிக்குழாய்ச் சுவரில் கசியும் நீரும், அதிலிருந்து உதிரும் செல்களும் சேர்ந்ததே வெள்ளைப்படுதல். ஈஸ்ட்ரோஜன் மிகுவதால், பூப்பெய்துவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இது தொடங்கிவிடும். சினைமுட்டை வெளிப்படும் நாள்களில் முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து இழுபடும். பின்னர்த் தடித்து வெளுக்கும்.

யோனிக்குழாயில் வாழும் கோல் வடிவ நுண்ணுயிரிகளைப் பற்றி 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் எழுதினார். லாக்டோபேசில்லஸ் என்னும் இவை, பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிகளின் உறவினம். சுவர்ச் செல்களின் கிளைக்கோஜனிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அங்கு பி.எச். மதிப்பு 3.8 முதல் 4.5 வரை இருக்கும். இப்புளிப்பில் நோய்க்கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. காரத்தன்மையுள்ள சோப்பையோ கிருமிநாசினியையோ உட்செலுத்திக் கழுவினால் இக்காவல் குலையும். வெளிப்பகுதியை நீரால் கழுவினாலே போதும். மணமூட்டிய கழுவு நீர்மங்கள் விளம்பரத்தால் உண்டான தேவையே அன்றி உடலின் தேவை அல்ல.

இயல்பு மாறுவதும் உண்டு. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உண்ட பின் சிலருக்குக் கேண்டிடா என்னும் பூஞ்சை பெருகும். அப்போது திரிந்த பால் போன்ற கசிவும் கடும் அரிப்பும் தோன்றும். மீன்வாடையுள்ள சாம்பல்நிறக் கசிவு, பச்சை கலந்த மஞ்சள் நுரை, அடிவயிற்று வலியுடன் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் மருத்துவம் வேண்டும். எலும்புருக்கம் என்றெண்ணிக் கைமருந்தோடு மாதக்கணக்கில் காத்திருந்தால், சிலவகைத் தொற்றுகள் அண்டநாளம் வரை ஏறி அதனை அடைத்துவிடக்கூடும். குழந்தையின்மைக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, அந்தச் சோர்வும் மெலிவும் பொய்யல்ல. வெள்ளைப்படுதலின்மேல் பழி சுமத்தப்படும் பெண்கள் பலருக்கு உண்மையில் இருப்பது இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படும் எளிய இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டிவிடும்.