கையின் விரைவும் கணக்கின் நிதானமும்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் நெசவாள அங்கத்தினர் ஒருவரின் தறியருகே அமர்ந்திருந்தோம். நாடா இருபுறமும் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் கை சட்டென நின்றது. பாவில் ஓரிழை அறுந்திருந்தது. எவ்வாறு அறிந்தீர்கள் என்று வினவினோம். "ஓசை மாறிற்று, ஐயா" என்றார்.

அன்று மாலை அவரே, அயலார் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையொப்பமிட அதே விரைவுடன் பேனாவை எடுத்தார். தொகை எவ்வளவு என்று கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை. "வேண்டியவர் ஆயிற்றே, ஐயா" என்பதே விடை. தவணை தவறினால் அக்கடன் இவரையே சாரும் என்பதை விளக்கி, மறுநாள் வரச் சொன்னோம். இல்லத்தாரோடு கலந்து வந்தவர், தம்மால் தாங்கக்கூடிய பாதித் தொகைக்கே சம்மதித்தார்.

ஒரே மனிதரின் இரு விரைவுகளில் ஒன்று சிறப்பாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் அமைவானேன்? 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன் உள்ளுணர்வின் பிழைகளை ஆராய்ந்தவர். கேரி கிளைன், தீயணைப்பு வீரர்களின் நொடிநேர முடிவுகளை ஆராய்ந்து அதன் வன்மையைக் கண்டவர். மாறுபட்ட இவ்விருவரும் 2009-இல் கூட்டாக எழுதிய கட்டுரையில் ஒரு முடிவில் ஒன்றுபட்டனர். நிகழ்ச்சிகளில் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும். நெடும் பழக்கத்தாலும், செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிவதாலும் அவ்வொழுங்கைக் கற்க வாய்ப்பிருக்கவேண்டும். அங்கேதான் உள்ளுணர்வை நம்பலாம்.

தறியில் இவ்விரண்டும் உண்டு. பிழை அக்கணமே துணியில் தெரியும். கடனிலும் நிலத்திலும் அவ்வாறன்று. இவ்வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென 1990-களில் நிலங்கள் எடுக்கப்பட்டன. சுரங்கம் எழாத நிலையில், அவற்றைத் திருப்பியளிக்கும் முடிவு வரக் கால் நூற்றாண்டு கழிந்தது. பலன் இத்துணை தாமதமாக வரும் காரியத்தில் பழக்கம் எவருக்கும் ஆசானாகாது.

ஆயினும் தாமதமே அறிவுடைமை என்று கொள்ளற்க. முந்திரித் தளிரில் தேயிலைக் கொசுவின் சேதத்தைக் கண்ட விவசாயி, அடுத்த கூட்டம் வரை காத்திருந்தால் பூங்கொத்தும் கருகிவிடும். அங்கே அனுபவசாலியின் கண்ணே போதும்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: தறியிலும் தோப்பிலும் கை அறிந்ததை உடனே செய்க. ஜாமீன், கடன், நூல் கொள்முதல், நிலம் ஆகியவற்றில் தொகை, தவணை, பொறுப்பு மூன்றையும் கேட்டறிந்து, ஓர் இரவு கழித்துக் கையொப்பமிடுக. நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலும் தீர்மானப் புத்தகமும் நம்மைத் தடுக்க வந்தவையல்ல. ஓசை கொடாமல் அறுகின்ற இழைகளை முன்னரே காட்ட வந்தவை.