எடை பிடித்து நிறுத்துமா? எக்ஸ்கவேட்டருக்கு ஏன் இத்தனை சங்கிலி?



பூச்சோங்கில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எல்.டி.பி. நெடுஞ்சாலையின் இடது ஓரமாக நீளமான, தாழ்வான டிரெய்லர் லோரி ஒன்று மெதுவாகப் போகும். அதன் மேல் மஞ்சள் நிற எக்ஸ்கவேட்டர் உட்கார்ந்திருக்கும். நான்கு மூலைகளிலும் தடித்த சங்கிலிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

"20 டன் இரும்பு! தன் கனத்திலேயே அசையாமல் நிற்காதா? சங்கிலி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நிற்காது என்பதுதான் பதில். ஏன் என்று பார்ப்போம்.

எடை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது

லோரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மேலே இருக்கும் எக்ஸ்கவேட்டரும் அதே வேகத்தில்தான் போகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் லோரியின் சக்கரங்கள்தான் நிற்கும். எக்ஸ்கவேட்டருக்குப் பிரேக் இல்லை. அது தொடர்ந்து முன்னால் போகவே பார்க்கும். படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படிக்கும் நிலைமம் இதுதான்.

அதைத் தடுக்க முதலில் இருப்பது உராய்வு. எடை கூடினால் உராய்வு கூடும், உண்மைதான். ஆனால் எடை கூடினால் அதை நிறுத்தத் தேவைப்படும் விசையும் அதே அளவில் கூடும். இரண்டும் சமமாகக் கூடுவதால் எடையால் எந்த லாபமும் இல்லை. 2 டன் இயந்திரம் வழுக்கும் இடத்தில் 20 டன் இயந்திரமும் வழுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய, அமெரிக்க விதிகள், திடீர் பிரேக்கைத் தாங்க, சரக்கின் எடையில் 0.8 மடங்கு விசையை முன்பக்கமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. பக்கவாட்டுக்கு 0.5 மடங்கு.

அப்படியானால் 20 டன் எக்ஸ்கவேட்டரை நிறுத்த 16 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். வண்ணம் பூசிய இரும்பின் மேல் இரும்பு நின்றால் உராய்வு எண் ஏறத்தாழ 0.2. அதாவது உராய்வு தருவது 4 டன்தான். மீதி 12 டன்னைச் சங்கிலிகள் தாங்க வேண்டும்.

இப்போது இடையில் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். உராய்வு எண் ஏறத்தாழ 0.6 ஆகிறது. உராய்வு 12 டன்னைத் தாங்கிக்கொள்ளும். சங்கிலிகளுக்கு மீதி 4 டன்தான்! பூச்சோங் வட்டாரத் தோட்டங்களில் தாத்தா பாட்டிகள் சீவிய பால்மரத்தின் ரப்பருக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். நான்கு சங்கிலிகள் இருந்தாலும், பிரேக் பிடிக்கும்போது வேலை செய்பவை பின்பக்கமாக இழுத்துக் கட்டிய இரண்டுதான். 12 டன் என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 டன். சங்கிலி சாய்வாக இருப்பதால் அதன் இழுவை இன்னும் கூடும். லோரிகளில் பரவலாகப் பயன்படும் 10 மில்லிமீட்டர் சங்கிலி ஒன்றின் பாதுகாப்பான அளவோ ஏறத்தாழ 3 டன். அதனால்தான் கனரக இயந்திரங்களுக்கு இன்னும் தடித்த சங்கிலியோ கூடுதல் சங்கிலிகளோ தேவைப்படுகின்றன. 4,536 கிலோகிராமுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும் என்பது அமெரிக்க விதி.

பிரேக்கே தேவையில்லை

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரம் 50 மீட்டர், லோரியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், பக்கவாட்டு விசை சரக்கின் எடையில் கால் பங்கு. இரும்பின் மேல் இரும்புக்கு உராய்வு ஐந்தில் ஒரு பங்குதானே? கட்டாத எக்ஸ்கவேட்டர் அங்கேயே வழுக்கத் தொடங்கிவிடும். பக்கத்துத் தடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி இருந்தால் என்ன ஆகும்?

சாலைக் குழியில் லோரி குலுங்கும்போது இயந்திரம் ஒரு கணம் லேசாகிறது, உராய்வும் குறைகிறது. சங்கிலி பக்கவாட்டில் மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் இழுப்பது இதற்காகத்தான்.

விமானத்தில் நடந்தது

29 ஏப்ரல் 2013 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானத் தளத்திலிருந்து போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. உள்ளே ஐந்து கனரக இராணுவ வாகனங்கள். மேலே ஏறும்போது, சரியாகக் கட்டப்படாத வாகனம் ஒன்று பின்னால் நகர்ந்து விமானத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிகளைச் சேதப்படுத்தியது. விமானம் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தனர். லோரி பிரேக் பிடித்தால் சரக்கு முன்னால் போகும். விமானம் வேகமெடுத்து மூக்கை உயர்த்தினால் பின்னால் போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

கட்டுபவர் கவனிப்பவை

எக்ஸ்கவேட்டரின் கையை மடக்கி வாளியைத் தளத்தில் இறக்கி வைத்து, அதையும் தனியாகக் கட்டுவார்கள். கை உயர்ந்திருந்தால் பாதசாரிகள் பாலத்தில் மோதிவிடும். இயந்திரத்தின் மேற்பகுதி சுழலக்கூடியது என்பதால் அதையும் பூட்டுவார்கள். தளத்திலுள்ள சேறு, எண்ணெய் எல்லாவற்றையும் துடைப்பார்கள்; அவை உராய்வைத் தின்றுவிடும். புறப்பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. குலுங்கலில் இயந்திரம் சற்று அமர்ந்து சங்கிலி தளர்ந்துவிடும். முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

வீட்டில் செய்து பாருங்கள்

ஐந்து 20 சென் காசுகளை அடுக்கி, பக்கவாட்டில் மட்டும் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தின் மேல் அதையும், தனியாக ஒரு 20 சென் காசையும், ஓர் அழிப்பானையும் வரிசையாக வையுங்கள். புத்தகத்தின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஒற்றைக் காசும் ஐந்து காசும் ஏறத்தாழ ஒரே சாய்வில் வழுக்கும். ரப்பர் அழிப்பான் இன்னும் நெடுநேரம் பிடித்து நிற்கும்.

அடுத்த முறை அப்பாவின் காரிலோ பள்ளிப் பேருந்திலோ போகும்போது டிரெய்லர் லோரியைக் கண்டால் சங்கிலிகளை எண்ணிப் பாருங்கள். ஆனால் தூரத்திலிருந்தே எண்ணுங்கள்!