விபத்தில் உள் இரத்தப்போக்கு: இரத்தநாளத்தின் வழியாகவே தடுப்பது எப்படி?

புதுதில்லி: சாலை விபத்தில் சிக்கியவரின் உடலில் பெரிய வெளிக்காயம் தென்படாமல் போகலாம். ஆனால் இடுப்பெலும்பு நொறுங்கியோ, மண்ணீரல் கிழிந்தோ உள்ளுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அவரது உயிர் ஆபத்தில் இருக்கிறது. கை, கால் காயத்தை அழுத்திக் கட்டலாம். வயிற்றுக்குள்ளும் இடுப்புக்குள்ளும் அவ்வாறு செய்ய இயலாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். படுகாயமடைந்தவர்கள் உயிரிழப்பதற்கு இரத்தப்போக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இத்தகைய நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சையுடன், இரத்தநாளத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி இரத்தப்போக்கைத் தடுக்கும் முறைகளும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் மூன்று முறைகள் முக்கியமானவை.

தமனியை அடைத்தல்

தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டில் உள்ள தமனி வழியாகக் குழாய் செலுத்தப்படுகிறது. சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்த்து, இரத்தம் கசியும் கிளைத் தமனி கண்டறியப்படுகிறது. பின்னர் உலோகச் சுருள் அல்லது ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளால் அது அடைக்கப்படுகிறது. இடுப்பெலும்பு முறிவு நோயாளிகளுக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது குறித்த மருத்துவக் கட்டுரை 1972-லேயே வெளியானது. நோய் எதிர்ப்புக்குத் தேவையான மண்ணீரலை அகற்றாமல் காப்பாற்றவும் இது உதவுகிறது.

எனினும், இடுப்பெலும்பு முறிவில் கசியும் இரத்தத்தின் பெரும்பகுதி சிரைகளிலிருந்தும் முறிந்த எலும்பிலிருந்துமே வருகிறது. தமனியை அடைப்பதால் மட்டும் அது நிற்காது. எனவே இடுப்பை இறுக்கும் பட்டையும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் அவசியமாகின்றன.

உறை பொருத்துதல்

மார்பில் பலத்த அடிபட்டுப் பெருந்தமனியின் சுவர் கிழிந்தால், துணி உறை போர்த்திய ஸ்டென்ட் உள்ளே விரிக்கப்பட்டுக் கிழிசல் மூடப்படுகிறது. இதனால் பலருக்கு மார்பைத் திறக்கும் அறுவை சிகிச்சை தவிர்க்கப்படுகிறது.

பலூன் தடுப்பு

மூன்றாவது முறை ‘ரெபோவா’ எனப்படுகிறது. தொடைத் தமனி வழியாகச் செலுத்தப்படும் பலூன் பெருந்தமனிக்குள் ஊதப்பட்டு, அதற்குக் கீழே செல்லும் இரத்தம் தற்காலிகமாகத் தடுக்கப்படுகிறது. அப்போது எஞ்சிய இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் செல்கிறது. கொரியப் போரில் இம்முறையை முயன்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் கார்ல் ஹியூஸ், அதுகுறித்து 1954-இல் எழுதினார்.

பலூன் விரிந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கீழுள்ள உறுப்புகள் இரத்தமின்றி வாடுகின்றன. ஆகவே மார்புப் பகுதியில் வைக்கப்படும் பலூனை சுமார் 30 நிமிடங்களுக்குள் தளர்த்துவது நல்லது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். தளர்த்தும்போது தேங்கிய கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து இதயத்தைப் பாதிக்கும் அபாயமும் உண்டு.

பிரிட்டனில் 16 விபத்து சிகிச்சை மையங்களில் 90 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் 90 நாள்களுக்குள் உயிரிழந்தனர். பலூன் முறையும் சேர்க்கப்பட்ட பிரிவில் இது 54 சதவீதமாக இருந்தது. ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பலூன் பிரிவில் இரத்தப்போக்கை முழுமையாக நிறுத்தும் சிகிச்சைக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. பலூன் கசிவை அடைப்பதில்லை. அறுவை அரங்கை அடையும் வரை அவகாசம் மட்டுமே தருகிறது. அந்த அவகாசம் வீணானால் பலன் கிட்டாது.

நேரமே முதன்மை

இம்முறைகளுக்குச் சிறப்பு எக்ஸ்ரே அரங்கும், இரவு பகலாகத் தயார்நிலையில் உள்ள நிபுணர்களும், இரத்த வங்கியும் தேவை. இவை பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே உள்ளன. ஆனால், உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமில ஊசியைச் சிறிய மருத்துவமனைகளிலும் செலுத்த முடியும். காயமடைந்த 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் அது இறப்பைக் குறைப்பதாக, 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வு காட்டியது.

காயமடைந்த முதல் ஒரு மணி நேரத்தை ‘பொன்னான நேரம்’ என மோட்டார் வாகனச் சட்டம் வரையறுக்கிறது. சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு ரூ.1.5 லட்சம் வரை, 7 நாள்களுக்குக் கட்டணமில்லா சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்டது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.