மூன்று லிட்டர் ஆயிலில் அடங்கிய ஆயுள்

இந்தியச் சாலைகளில் ஓடிய டீசல் கார்களின் முகப்பில் மாருதி, டாடா, ஃபியட், செவர்லே எனப் பெயர்கள் மாறியிருந்தாலும், அவற்றுள் பலவற்றை இழுத்துச் சென்றது ஒரே எஞ்சின்தான். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டு வைத்திருந்த காலத்தில் உருவாகி, 2003-இல் போலந்து ஆலையில் உற்பத்திக்கு வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின், பின்னர் சுசுகியின் மானேசர் ஆலையிலும், புனே அருகே ரஞ்சன்கானில் இருந்த ஃபியட்–டாடா கூட்டு ஆலையிலும் தயாராயிற்று. மாருதி ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்றும் டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்றும் அது வழங்கப்பட்டது. ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்று கார் ஆர்வலர்கள் அதைக் கேலியும் பெருமையும் கலந்து அழைத்ததில் மிகை அதிகமில்லை.

நான்கு சிலிண்டர்களும் பதினாறு வால்வுகளும் கொண்ட இதன் மொத்தக் கொள்ளளவு 1,248 கன சென்டிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் 69.6 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 82 மில்லிமீட்டர். விட்டத்தைவிட இத்தொலைவு மிகுந்த எஞ்சின்கள், வேகமாகச் சுழல்வதைக் காட்டிலும் குறைந்த சுழற்சியில் இழுவிசை தருவதற்கே ஏற்றவை. டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே அழுத்தும் சிறு விசிறி அமைப்பு, சாதாரண வகையாக இருந்தபோது 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைத்தன. காற்றுவழியின் கோணத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டர்போ பொருத்தப்பட்ட வகையில் இவை 90, 200 என உயர்ந்தன. ஆனால் முதல் வகையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுழற்சிக்குக் கீழே எஞ்சின் சோம்பிக் கிடப்பதும், அதைத் தாண்டியதும் திடீரெனப் பாய்வதும் நகர நெரிசலில் ஓட்டுநரை அடிக்கடி கியர் மாற்ற வைத்த குறை என்பதில் ஐயமில்லை.

இதன் உண்மையான சாதனை எரிபொருள் செலுத்தும் முறையில் இருக்கிறது. காமன் ரெயில் எனப்படும் அம்முறையில், டீசல் ஒரு பொதுக்குழாயில் மிகு அழுத்தத்தில் எப்போதும் தயாராக நிற்க, மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்டர்கள் அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. இத்தொழில்நுட்பத்துக்கான ஆய்வு ஃபியட்டில் வளர்ந்து, பாஷ் நிறுவனத்தின் கையில் முழுமை பெற்று, 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மல்டிஜெட் அதன் அடுத்த படி: ஒரே எரிப்பின்போது டீசலைப் பல தவணைகளாகத் தெளிப்பதால், முன்னே செல்லும் சிறு துளிகள் அறையைச் சூடாக்கிவிட, பிரதான எரிப்பு வெடிபோல் அதிராமல் சீராக நிகழ்கிறது. பழைய டீசல் கார்களின் ‘கடகட’ ஓசை இதில் அடங்கியதற்கும், மைலேஜ் உயர்ந்ததற்கும் இதுவே முதற்காரணம்.

நம்பகத்தன்மை என்று வரும்போது விவாதம் டைமிங் செயினில் வந்து நிற்கும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனின் நகர்வோடு பொருத்தி வைப்பது இந்தச் சங்கிலி. ரப்பர் பெல்ட்டைப் போலக் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது; அது பாதி உண்மையே. சங்கிலியைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. எஞ்சினிலோ ஏறத்தாழ மூன்று லிட்டர் ஆயில்தான் உண்டு. ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மீதமுள்ளதும் கரி படிந்து தடித்தால் சங்கிலி தளர்ந்து, பல் தாண்டி, வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடுகிறது. ஆகவே இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் சளைக்காத வாடகைக் கார்களும், அதில் பாதியிலேயே எஞ்சின் பிரிக்கப்பட்ட சொந்தக் கார்களும் ஒரே வடிவமைப்பிலிருந்து வந்தவை என்பதில் முரண்பாடு இல்லை.

பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி தன் டீசல் கார்களை நிறுத்திக்கொண்டதால், இனி இந்த எஞ்சின் பெரும்பாலும் பழைய கார்ச் சந்தையில்தான் கிடைக்கும். அங்கே வாங்க நினைப்பவர் ஓடிய கிலோமீட்டரைவிட ஆயில் மாற்றிய ரசீதுகளையே முதலில் கேட்க வேண்டும். இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் கிளப்பச் சொல்லி, எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து சங்கிலி உரசும் சலசலப்பு சில நொடிகளுக்கு மேல் நீடித்தால் அந்தக் காரை வாங்காமல் விடுவதே நல்லது.