பந்தியில் மறக்கப்பட்டவர்கள்

அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் ஒரு முறுமுறுப்போடு தொடங்குகின்றது. எருசலேம் திருச்சபையில் நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டிலே, கிரேக்கம் பேசிய யூதருள் விதவைகளாயிருந்தோர் கவனிக்கப்படாது போயினர். எபிரெய விதவைகளுக்கோ அக்குறை நேரவில்லை. விசுவாசிகள் அனைவரும் ஒரே உள்ளத்தினராய் வாழ்ந்தனரென 4ஆம் அதிகாரத்தில் எழுதிய லூக்கா, இதனையும் மறையாது எழுதினார். அந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

முறையிட்டவர்களை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையைப்பற்றி உபதேசிக்கவுமில்லை. சபையைக் கூட்டி, எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நம் சபைகளிலோ, குறைதீர்க்கும் குழுவில் முறையிட்டவர் ஒழிந்த ஏனையோர் எல்லாரும் இருப்பர்!

தெரிவானோர் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்போர். ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரைக் கொண்டு மொழியைத் துணிதல் இயலாதுதான். பன்னிரு சீடருள்ளும் அந்திரேயா, பிலிப்பு என்னும் கிரேக்கப் பெயருடையோர் இருந்தனர். ஆயினும், ஏழும் அவ்வாறமைந்தது தற்செயலென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. குறையுற்ற பக்கத்தாரின் கையிலேயே பந்தி முழுவதும் ஒப்படைக்கப்பட்டதென்றே கருதுகின்றேன். எபிரெய விதவைகளும் இனி அவர்கள் கையையே நோக்கியிருக்க வேண்டும். எழுவருள் நிக்கொலாவோ பிறப்பால் யூதருமல்லர். யூத மார்க்கம் தழுவிய அந்தியோகியா நகரத்தார்.