கடல் கடந்த யாத்திரையும் கைக்கு அடக்கமான கேமராவும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தைக் கடந்து சென்றால் எங்கள் மணப்பாடு. ஒரு பக்கம் மணற்குன்று, மறுபக்கம் கடல். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். ஊரில் பெரும்பாலோர் கிறித்தவப் பெருமக்கள். அவர்களோடு தலைமுறை தலைமுறையாகக் கூடி வாழ்ந்துவரும் சில இந்துக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. செந்திலாண்டவனும் குலசை முத்தாரம்மனும் எங்களுக்கு அண்டை வீட்டார் போல.

எங்கள் கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, அக்கரையில் இருப்பது இலங்கை. என் தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஆண்டுதோறும் கதிர்காமத் திருவிழாவுக்குத் தவறாமல் போய் வருவார். ஊர் திரும்பியதும் மாணிக்க கங்கையையும் அங்கு நீராடும் அடியார் கூட்டத்தையும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். அதைக் கேட்டே வளர்ந்தவர் என் தமக்கையார். “ஒரு தடவ அந்த ஆத்தக் கண்ணால பாத்துட்டாப் போதும் தம்பி” என்பார். திருமணம், பிள்ளைகள், அதன் பின் முழங்கால் வலி என்று காலம் கடந்துவிட்டது. அவரால் போக இயலவில்லை.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 2013இல், நானும் என் மனைவியும் இலங்கைத் தலங்களுக்குப் புறப்பட்டோம். அக்காவுக்காகவே ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். திருக்கேதீச்சரம், திருக்கோணமலை, கதிர்காமம் என எல்லாவற்றையும் படமெடுத்தேன். ஆனால் ஊர் வந்து சேர்ந்தபோது அக்காவிடம் காட்ட ஒரு படமும் இல்லை.

நடந்தது இதுதான். கதிர்காமத்திலிருந்து திரும்பும் வழியில் கேமரா ஏதோ பிழை காட்டி, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டது. விவரம் புரியாமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன். போதாக்குறைக்கு, அதே மெமரி கார்டில் கொழும்புக் கடைவீதியை நூறு படங்கள் எடுத்துத் தள்ளினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. “போகட்டும், நீ போயிட்டு வந்தியே, அது போதும்” என்றார். அந்தச் சொல் பல நாள் என்னை உறங்கவிடவில்லை.

2024இல் முருகன் மீண்டும் அழைத்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கண்ணழுத்த நோயால் அக்காவின் பார்வை பெரிதும் மங்கிவிட்டிருந்தது. இனி ஒரு தவறுக்கு இடமில்லை. ஆகவே இம்முறை வங்கியில் கற்ற ஒழுங்கைக் கேமராவுக்கும் கடைப்பிடித்தேன். யாத்திரை கிளம்பும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

பிளக் பொருந்துமா?

இலங்கையிலும் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட் மின்சாரம்தான். பழைய விடுதிகளில் நம்முடைய உருண்டைக் கால் பிளக் பொருந்தும். புதிய கட்டடங்களில் மூன்று சதுரக் கால்கள் கொண்ட பிளக். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே சதுரக் கால்தான். முதல் பயணத்தில் இதை அறியாமல், திருக்கோணமலை விடுதியில் பேட்டரி தீர்ந்த கேமராவுடன் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன். சிறு அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்வோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘100–240 வோல்ட்’ என்று இருந்தால் அச்சம் வேண்டாம். பிளக்கை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

பேட்டரி எங்கே இருக்க வேண்டும்?

கேமரா பேட்டரி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். உபரி பேட்டரியையும் பவர் பேங்க்கையும் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். பேட்டரியின் உலோக முனைகள் சாவியிலோ சில்லறைக் காசிலோ உரசாதபடி சிறு உறையில் இடுங்கள். பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: அதன் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட்-அவர், எடுத்துச் செல்லலாம்.

திருக்கோணமலையிலிருந்து கதிர்காமத்துக்கு வேனில் நெடுந்தூரப் பயணம். அந்த நேரத்தில் வண்டியிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டேன். எடுத்த படங்களை மீண்டும் மீண்டும் திரையில் பார்ப்பதும், தேவையின்றி ஃப்ளாஷ் போடுவதும் பேட்டரியை விரைவில் தீர்த்துவிடும்.

கயிலாய மானசரோவர யாத்திரை செல்வோருக்கு ஒரு சொல். 4,500 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தின் குளிரில், நிறைந்த பேட்டரியும் தீர்ந்துபோனதாகக் காட்டும். உள்சட்டைப் பையில் உடலின் சூட்டில் வைத்திருந்தால், போனதில் ஒரு பங்கு சக்தி திரும்பி வரும். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

படங்களுக்கு இரண்டு சாவி

வங்கியின் பெட்டக அறையை ஒரே அதிகாரி தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவிகள் இருவரிடம் இருக்கும். நாள் முடிவில் ரொக்கத்தைச் சரிபார்க்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது. இந்த இரண்டு விதிகளும் படங்களுக்கு அப்படியே பொருந்தும்.

பெரிய மெமரி கார்டு ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு மூன்று வாங்கினேன். ஒரு படம் ஐந்து எம்பி என்று கொண்டாலும், 32 ஜிபி கார்டில் ஆறாயிரம் படங்கள் வரை கொள்ளும். ஒரு தலம் முடிந்ததும் கார்டை மாற்றி, அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளி, என் மனைவியின் கைப்பையில் சேர்த்துவிடுவேன். என் பை தொலைந்தாலும் படங்கள் தப்பும்.

இரவு உறங்குமுன் நாள் கணக்கு. சிறு கார்டு ரீடர் ஒன்றைக் கைபேசியில் செருகி அன்றைய படங்களைப் பிரதி எடுப்பேன். எடுத்தது எத்தனை, வந்தது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பேன். விடுதியில் வைஃபை இருந்தால் முக்கியமானவற்றை இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுவேன். கூகுள் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. கடைகளிலுள்ள பொதுக் கணினியில் கார்டைச் செருகுவதில்லை. அங்கிருந்து வைரஸ் தொற்றிக்கொள்ளலாம்.

பயணம் முடியும்வரை எந்தப் படத்தையும் அழிக்க வேண்டாம். தவறி அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். அழிப்பது என்பது பேரேட்டின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக எழுதினால்தான் பழையது மறையும். அதற்கு முன் விவரம் அறிந்தவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். 2013இல் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

படம் பத்திரமாக வந்து சேர்வதன் அருமைக்குத் திருக்கோணேசுவரமே சான்று. சம்பந்தர் பாடிய அத்தலத்தின் பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தனர். 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் கடலுக்குள் மூழ்கி, அங்கே கிடந்த கோயில் கற்களைப் படம்பிடித்து வந்தார்கள். கடலில் இறங்க முடியாத நாமும் இன்று அவற்றைக் காண்கிறோம்.

எடுக்கக் கூடாத படம்

கேமராவுக்கு எத்தனை ஏற்பாடு செய்தாலும், அதை உறையிலிட வேண்டிய இடங்கள் உண்டு. நம் திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில்தான், 2022 டிசம்பரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கதிர்காமத்திலோ கருவறையே திரைக்குப் பின்னால்தான். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் செல்வார்கள். அடியார்கள் காண்பது திரையை மட்டுமே. அருணகிரியார் பாடிய அந்தச் சந்நிதியில் கேமராவை மூடி வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் அக்காவுக்கு நாற்காலி போட்டோம். மாணிக்க கங்கை வந்தது. நீரில் நிற்கும் கூட்டம் வந்தது. அக்கா முன்னால் குனிந்து, திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோயில் வாசலோடு படங்கள் முடிந்தன.

“உள்ள?” என்றார்.

“உள்ளேயும் திரைதான் அக்கா. யாருக்கும் காட்டுவதில்லை.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நீ பாத்ததும் நான் பாத்ததும் ஒண்ணுதான்” என்று சொல்லிக் கைகூப்பினார்.

அந்தப் படங்களில் பன்னிரண்டைப் பெரிதாக அச்சிட்டு ஆல்பமாக்கி அக்காவின் பூசையறையில் வைத்திருக்கிறோம். கணினியில் ஒரு பிரதி, மகன் வீட்டில் ஒரு பிரதி. கடல் கடந்து யாத்திரை செல்லும் அன்பர்கள், வர இயலாமல் வீட்டில் காத்திருப்போரையும் நினைவில் கொண்டு கேமராவைப் பேணுங்கள். கதிர்வேலன் துணை நிற்பான்.