பல்லேகலக் கருவியும் பாலர் வகுப்பும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியிலே குண்டசாலையைக் கடந்தால் வருவது பல்லேகல. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் மாணவர்களுக்குக் கிரிக்கெட் மைதானமே நினைவுக்கு வரும். எனக்கோ நினைவில் எழுவது வேறொன்று. புவியதிர்வுகளைப் பதிவுசெய்யும் உலக வலையமைப்பின் நிலையமொன்று 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது, அவ்வதிர்வு சில நிமிடங்களிலேயே பல்லேகலக் கருவியைத் தொட்டுவிட்டது. ஆழிப்பேரலை நமது கீழைக்கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. எனினும் கரையில் வாழ்ந்தோர்க்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே காலையில், தாய்லாந்தின் புக்கெற் தீவிலே, டில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல்நீர் குமிழியிட்டு நுரைப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பூமிசாத்திர வகுப்பிலே கற்ற பாடம் அவள் மனத்தில் பளிச்சிட்டது. பெற்றோரை விடாது வற்புறுத்தினாள், கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர், ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர்.

ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரு நிகழ்ச்சிகளையும் நான் அருகருகே வைத்துப் பார்ப்பதுண்டு. 'நிலைபேறு' என்பது இப்போது கல்வியாளர் வாயில் அடிக்கடி புழங்குஞ் சொல். ஐக்கிய நாடுகள் சபை 2005 முதல் 2014 வரையுள்ள பத்தாண்டுகளை நிலைபேறான அபிவிருத்திக்கான கல்விக்கென்றே ஒதுக்கியது. சொல் பெரிது; ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அது என்னவாகப் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

நம் நாட்டிற்கு இது புதிய எண்ணமன்று. இதே கண்டி மாவட்டத்தில், ஹந்தெஸ்ஸ என்னும் சிற்றூரிலே, 1932இல் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. காந்தியடிகளின் வார்தாத் திட்டத்திற்கு அது ஐந்தாண்டு மூத்தது. பயிர்த்தொழில், சுகாதாரம், கைத்தொழில் ஆகிய கிராம வாழ்வின் கூறுகளே அங்கு பாடத்திற்கு அடித்தளமாயின. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த காலத்தில் அது வேறு ஊர்களுக்கும் பரவிற்று. ஆனால் பெற்றோர் மனம் அதில் ஒட்டவில்லை. ஆங்கிலம் படித்தவனுக்கு உத்தியோகம், மண்ணைப் படித்தவனுக்கு மண்வெட்டி என்றிருந்த நாளில் அவர்களைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு?

1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாக 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' ஆரம்ப வகுப்புகளில் ஒரு பாடமாகவே இடம்பெற்றன. நல்ல பெயர், செயற்பாடு என்ற சொல்லிலேயே அதன் நோக்கம் அடங்கியிருக்கிறது. ஆனால் தரம் ஐந்தின் வாயிலிலே புலமைப்பரிசில் பரீட்சை காவல் நிற்கிறது. அதனால் பிள்ளை ஓடையைப் பார்ப்பதை விடுத்து, ஓடையைப் பற்றிய வினாவுக்கு விடையைப் பார்க்கிறது. 2026இல் தரம் ஒன்று முதற் தொடங்குவதென வகுக்கப்பெற்ற புதிய கலைத்திட்டமும் இக்காவலைத் தாண்டியே ஆகவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலை மலைநாட்டார் எளிதில் மறவார். நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மடிந்தனர். கண்டி மாவட்டத்தின் இழப்பே மிகப் பெரிது. நிலச்சரிவு வருமுன் மலை சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. நிலத்தில் வெடிப்பு விழும், மரங்கள் சாயும், இல்லாத இடத்தில் ஊற்றுப் பிறக்கும், தெளிந்த ஊற்றுத் திடீரெனக் கலங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நாளொன்றின் மழைக்கு 75, 100, 150 மில்லிமீற்றர் என மூன்று எல்லைகளை வகுத்து, எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது. மூன்றாம் எல்லை, வீட்டைவிட்டு வெளியேறவேண்டிய எல்லை. இம்மூன்று எண்களும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாதனவா? பக்கம் நேரான ஒரு போத்தலும் (வளைந்த போத்தல் பொய்க்கணக்குக் காட்டும்) ஓர் அடிமட்டமும் இருந்தால், மழைமானி ஆயிற்று. நாள்தோறும் அளந்து சுவரில் வரைந்தால் அதுவே கணிதம். கண்டதை எழுதினால் அதுவே தாய்மொழிப் பாடம். மழைக்காலத்தில் மகாவலி ஏன் செந்நிறங் கொள்கிறதென்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய நேரசூசியை ஆசிரியர் மடித்து வைக்கலாம்.

பிஞ்சு மனத்தில் அச்சத்தை ஊட்டலாமா என்று வினவுவர் சிலர். மலைச்சரிவில் உறங்கும் பிள்ளைக்கு அச்சம் ஏற்கெனவே உண்டு. அதற்கு விளக்கந்தான் இல்லை.

இதனினும் கடுமையான ஆட்சேபமொன்று உண்டு. அதற்கு என்னிடம் முழு விடையில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீறியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகளின்மேல் மலை சரிந்தது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்ததனாற் பிழைத்தனர். திரும்பி வந்தபோது பெற்றோர் இல்லை. அவ்விடம் அபாயமானதென 2005ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த நிலமில்லை. லயனைவிட்டு எங்கே போவான்? மழைமானியை வாசிக்கக் கற்ற மகள் மாலையில் வீடு வந்து, "இன்று நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது, அப்பா" என்று சொன்னால், அவளை அழைத்துச்செல்ல அவனுக்கு ஓரிடம் வேண்டும். அதைக் கலைத்திட்டம் கட்டித்தர இயலாது. அந்தக் கணக்கைத் தோட்ட நிருவாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் காட்டிக் கேட்க வல்ல ஒரு தலைமுறையை அது உருவாக்கலாம். அதற்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு செல்லும். அடுத்த பருவமழையோ சில மாதங்களில் வந்துவிடும்.